நாற்பது நாள் உருளைக்கிழங்கு

மதலைமுத்துவின் நெஞ்சில் ஸ்டென்ட் வைத்து வீட்டுக்கு அழைத்து வந்த அன்று, அந்த வீட்டிலிருந்து வெண்ணெய் வெளியேற்றப்பட்டது. அவர் மனைவி பிரிஜெட் செருப்பைக்கூடக் கழற்றவில்லை. நேராகப் போய் ஃப்ரிட்ஜைத் திறந்தார். பிரிக்காத பாக்கெட் இரண்டு, பிரித்தது ஒன்று, மூன்றையும் கொண்டுபோய் எதிர்வீட்டு சரசுவின் கையில் திணித்துவிட்டு வந்தார். சரசு வீட்டில் ஒரு வாரம் வெண்ணெய் தோசையாகச் சுட்டுத் தள்ளினார்கள். வாசனை வரும்போதெல்லாம் மதலைமுத்து ஜன்னல் பக்கம் பார்த்துப் பெருமூச்சு விட்டார்.

வெண்ணெயைத் தனியாகத் தின்கிற ஆள் இல்லை அவர். மேஷோடு வேண்டும். காக்ஸ் டவுன் கிறிஸ்தவ வீடுகளில் கல்யாணமோ ஞானஸ்நானமோ, எதுவானாலும் கட்லெட்டுக்குப் பக்கத்தில் மசித்த உருளைக்கிழங்கு ஒரு குவியல் இருக்கும். மற்ற வீடுகளில் அதற்கு விசேஷம் வரவேண்டும். இந்த வீட்டில் செவ்வாய்க்கிழமை வந்தால் போதும். நாலு கிழங்குக்குக் கால் பாக்கெட் வெண்ணெய் என்று முப்பது வருஷமாக ஓடிய சமையல். டாக்டர் ருக்மிணி அதைக் கேட்டுவிட்டு, “இவ்வளவு நாள் தாங்கினதே பெரிசு” என்றார்.

மதலைமுத்து அதற்கெல்லாம் கலங்கவில்லை. அவர் கேட்டது ஒரே கேள்வி. “டாக்டர், பெரிய வெள்ளிக்கு நான் தூம்பா தூக்கலாமா?”

டாக்டருக்குப் புரியவில்லை. கூடப் போயிருந்த மருமகள் சிந்தியாதான் விளக்கினாள். பெரிய வெள்ளி சாயங்காலம், சிலுவையிலிருந்து இறக்கிய ஆண்டவருடைய சொரூபத்தைத் தூம்பா என்ற மரப்பாடையில் கிடத்தி, எட்டுப் பேர் தோளில் தூக்கி, கோயிலைச் சுற்றியுள்ள தெருக்களில் பவனி வருவார்கள். அதில் முன் இடது தண்டு மதலைமுத்துவுடையது. முப்பத்தொரு வருஷமாக அந்தத் தண்டு வேறு தோளில் ஏறியதில்லை. ஒரு வருஷம் விட்டால் போச்சு. வரிசையில் அடுத்து நிற்பவருக்குப் போய்விடும், திரும்பி வராது. தூம்பா தூக்குகிறவர்களின் சபை விதி அப்படி.

“தேக்கு மரம், டாக்டர்” என்றார் மதலைமுத்து, பெருமையாக. அதைச் சொல்லியிருக்க வேண்டாம்.

டாக்டர் யோசித்தார். “எடை நாலு கிலோ குறையணும். கெட்ட கொழுப்பு எழுபதுக்குக் கீழ வரணும். குருத்து ஞாயிறுக்கு முந்தின நாள் டெஸ்ட் எடுத்துட்டு வாங்க. அப்போ சொல்றேன். இல்லேன்னா நோ.”

திரும்பி வரும்போது ஆட்டோவில் அவர் துண்டை எடுத்து முகத்தைத் துடைத்தார், மறுபடியும் துடைத்தார். சிந்தியா வெளியே பார்ப்பதுபோல உட்கார்ந்திருந்தாள். இந்த மனிதர் தூம்பா தூக்காமல் போனால் சாப்பாட்டால் சாகமாட்டார், ஏக்கத்தால் செத்துப்போவார் என்று அவளுக்குத் தோன்றியது.

சிந்தியா அந்த வீட்டுக்கு வந்து பத்து மாதம் ஆகியிருந்தது. கணவன் அமலுக்கு இரண்டாம் ஷிஃப்ட். மத்தியானம் போனால் இரவு பதினோரு மணிக்குத்தான் வருவான், சாப்பாடு ஆபீஸில். அவளுக்கோ எச்.ஆர். வேலை, ஆறு மணிக்கு வீட்டில் இருப்பாள். பிரிஜெட் தவக்காலம் முழுக்கச் சாயங்காலப் பூசைக்குப் போகிறவர், ஆகவே ராத்திரிச் சமையல் மருமகள் பொறுப்பு என்று முடிவானது. முடிவானதே தவிர, அந்தப் பத்து மாதத்தில் அவள் வைத்த எந்தக் குழம்பும் வைத்தபடி மேஜைக்குப் போனதில்லை. பிரிஜெட் வந்து மூடியைத் திறப்பார். ஒன்றும் சொல்லமாட்டார். ஒரு சிட்டிகை உப்பு போடுவார், இல்லாவிட்டால் கொஞ்சம் புளி கரைத்து ஊற்றுவார். திட்டியிருந்தால்கூடச் சிந்தியா திருப்பிப் பேசியிருப்பாள். சிட்டிகை உப்போடு யார் சண்டை போடுவது?

தவக்காலம் தொடங்கும் சாம்பல் புதனன்று பிரிஜெட் சட்டத்தைச் சொன்னார். “நாப்பது நாளும் சுத்தபோசனம். வீட்ல கறி கிடையாது. தூம்பா தூக்கறவங்க குடும்பம் இது, தெரிஞ்சிக்கோ.”

“சரி அத்தை” என்றாள் சிந்தியா. மனதாரத்தான் சொன்னாள். அவள் கத்தோலிக்கப் பெண் இல்லை, சி.எஸ்.ஐ. குடும்பம். கோலார் தங்கவயலில் சுரங்கம் மூடிய பிறகு அவள் வீட்டார் அத்திபெலேயில் வந்து குடியேறியவர்கள். அவர்கள் வீட்டில் பெரிய வெள்ளி ஒரு நாள் கறி எடுக்கமாட்டார்கள், அவ்வளவுதான். இருந்தாலும் வந்த வீட்டு வழக்கம் என்று ஆபீஸில் எல்லோரும் பிரியாணி சொன்ன நாளில்கூட அவள் தயிர்சாதம் தின்றாள்.

மாமனாரின் நிலைமைதான் மோசமாக இருந்தது. எண்ணெயில்லாத பீன்ஸ், உப்பில்லாத பருப்பு. இரண்டு வாய் சாப்பிட்டுவிட்டு எழுந்துவிடுவார். எடை குறைந்திருக்க வேண்டும், ஆனால் கூடியது. காரணத்தைச் சிந்தியா அவர் தலையணை உறைக்குள் கண்டுபிடித்தாள். மிக்சர், முறுக்கு, ஒரு பாக்கெட் கிரீம் பிஸ்கட்.

வயிறு நிறையாத மனிதர் திருடத்தான் செய்வார். வயிறும் நிறைய வேண்டும், நாக்கும் ஒத்துக்கொள்ள வேண்டும், வெண்ணெயும் கூடாது. சிந்தியா போனில் தேடினாள். வெண்ணெய், பாலாடை எதுவும் இல்லாமல், சூடான சூப் தண்ணீரை விட்டே உருளைக்கிழங்கை மெத்தென்று மசிக்கலாம் என்று யாரோ ஒரு பெண்மணி செய்து காட்டினாள். சூப் தண்ணீர் என்றதும் சிந்தியாவுக்குத் தன் அம்மா ஞானம்மாளின் ஞாபகம் வந்தது.

ஞானம்மாள் கையால் வைக்கும் எலும்புத் தண்ணி அவர்கள் தெருவில் பிரசித்தம். காய்ச்சலா, பிள்ளை பெற்றவளா, கீழே விழுந்து காலை உடைத்துக்கொண்டவனா, எல்லோருக்கும் அதுதான். ஆட்டெலும்பை மிளகு, பூண்டு, சீரகத்தோடு மூன்று மணி நேரம் கொதிக்கவிட்டு வடிகட்டி, ஆறவைத்து, மேலே படியும் கொழுப்பை வழித்தெடுத்துவிடுவாள். ஒரு பொட்டு எண்ணெய் மிதக்காது. அந்த வீட்டில் அதைக் கறி என்று யாரும் நினைத்ததே இல்லை. கறி சட்டியில் வரும், எலும்புத் தண்ணி தம்ளரில் வரும். தம்ளரில் வருவது மருந்து.

ஞாயிற்றுக்கிழமை அம்மா வீட்டுக்குப் போன சிந்தியா அந்த மருந்தை ஐஸ் டிரேயில் உறையவைத்து, கட்டி கட்டியாக ஒரு ஸ்டீல் டப்பாவில் கொண்டுவந்தாள்.

“என்ன அது?” என்றார் பிரிஜெட்.

“அம்மா குடுத்த சூப் தண்ணி அத்தை. மாமாவுக்கு உருளைக்கிழங்குல ஊத்தி மசிச்சுத் தரலாம்னு.”

“நல்லதுதான்” என்று சொல்லிவிட்டு பிரிஜெட் பூசைக்குக் கிளம்பினார். தவக்காலத்தில் ஒரு கிறிஸ்தவ வீட்டில் காய்கறியைத் தவிர வேறெதையும் வேகவைப்பார்கள் என்று அவர் கனவிலும் நினைக்கவில்லை. தன் அம்மா காய்கறியை வேகவைத்து அந்தத் தண்ணீரைக் கொடுத்தனுப்புவாள் என்று சிந்தியாவும் கனவில் நினைத்ததில்லை.

முதல் நாள் ஐஸ் கட்டியை அப்படியே கிழங்கில் போட்டாள், கட்டி கட்டியாக நின்றது. இரண்டாம் நாள் மிக்சியில் அடித்தாள், சுவரில் போஸ்டர் ஒட்டலாம் போல இழுத்தது. இரண்டையும் அவளே உட்கார்ந்து தின்றாள். மூன்றாம் நாள்தான் சூட்சுமம் பிடிபட்டது. கிழங்கைத் தோலோடு வேகவைத்து, கை சுடச்சுட உரித்து, கீரை மத்தால் மெதுவாக மசிக்க வேண்டும். எலும்புத் தண்ணியைப் பக்கத்து அடுப்பில் கொதிக்கவிட்டு, ஒரு கரண்டி ஊற்றி, கிழங்கு அதைக் குடித்த பிறகு அடுத்த கரண்டி. வேகவைத்த பூண்டு நாலு பல், இடித்த மிளகு. ஐந்தாவது கரண்டியில் கிழங்கு தளர்ந்து, வெள்ளை வெளேரென்று, மெத்தென்று வந்தது. வெண்ணெய் போடவில்லை என்று சத்தியம் செய்தால்தான் நம்புவார்கள்.

இரண்டு சப்பாத்திக்கும் பீன்ஸுக்கும் பக்கத்தில் அதை வைத்துவிட்டு, கரண்டியைக் கையில் பிடித்தபடி சிந்தியா நின்றாள். மதலைமுத்து ஒரு விரலால் எடுத்து வாயில் வைத்தார். வாய் அசையவில்லை. நிமிர்ந்து அவளைப் பார்த்தார்.

“நல்லா இல்லையா மாமா?”

“ரொம்ப நல்லா இருக்கும்மா” என்று தலையைக் குனிந்தவர், தட்டை வழித்து நக்கிவிட்டுத்தான் எழுந்தார். சிந்தியாவுக்கு அன்று தூக்கத்தில்கூடச் சிரிப்பு வந்தது என்று அமல் மறுநாள் சொன்னான்.

அன்றிலிருந்து தினமும் மேஷ். தலையணை உறையில் மிக்சர் இல்லை. ஞாயிறுதோறும் அத்திபெலேயிலிருந்து டப்பா நிரம்பி வந்தது. எடை மெல்ல இறங்கியது. ஆனால் அந்த வீட்டில் இரண்டு விஷயம் சிந்தியாவுக்குப் பிடிபடவில்லை. ஒன்று, மதலைமுத்து ரம்மி ஆடப் போவதை நிறுத்திவிட்டார். பின்தெரு ஆம்ப்ரோஸ் பள்ளிக்கூடத்தில் பி.டி. மாஸ்டராக இருந்து ஓய்வு பெற்றவர், தூம்பா சபைக்குத் தலைவர். இருவரும் சாயங்காலம் சீட்டு எடுக்காத நாள் முப்பது வருஷத்தில் கிடையாது. கேட்டால், “கண்ணு வலிக்குது” என்றார்.

இன்னொன்று பிரிஜெட். பூசை முடிந்து வீட்டுக்குள் நுழைந்ததும் மூக்கை உறிஞ்சுவார். சமையலறை வாசலில் நின்று கண்ணை மூடிக்கொள்வார். அவருக்குச் சர்க்கரை, உருளைக்கிழங்கைத் தொடமாட்டார். கோதுமைக் கஞ்சியைக் குடித்துவிட்டு ஜெபமாலையை எடுத்துக்கொண்டு உட்கார்ந்துவிடுவார். சனிக்கிழமை தவறாமல் பாவசங்கீர்த்தனத்துக்குப் போனார். இந்த வயதில், இந்த மனுஷிக்கு வாராவாரம் சொல்ல என்ன பாவம் இருக்கும் என்று சிந்தியா வியந்தாள்.

பெரிய வெள்ளிக்கு ஒரு வாரம் இருந்தது, குருத்து ஞாயிறுக்கு முந்தின வெள்ளிக்கிழமை. சிலுவைப்பாதை ஜெபம் முடிந்து ஆம்ப்ரோஸ் வீட்டுக்கு வந்தார். கையில் பழுப்பு அட்டை போட்ட சபையின் விதிப் புத்தகம். பிரிஜெட் கோயிலில் பூக்கட்ட நின்றுவிட்டார். சிந்தியா டீ கொண்டுவந்து வைத்தாள்.

“மதலை, ஞாயித்துக்கிழமை பூசை முடிஞ்சதும் தூம்பா முன்னாடி வாக்கு. எட்டுப் பேரும் ஒருத்தர் பின்னாடி ஒருத்தரா சொல்லணும். சாம்பல் புதன்லேர்ந்து கறியும் தொடல, கறிச்சாறும் தொடல. அவ்ளோதான்.”

சிந்தியாவின் கை தம்ளரில் நின்றது. “சாறுமா அங்கிள்?”

“சாறுந்தாம்மா! பன்னண்டு வருஷம் முன்னாடி ஒருத்தன் இருந்தான், வெங்கடராமன் கடைக்குப் பக்கத்து வீடு, பேர் வேணாம். தவக்காலம் பூரா சிவாஜிநகர்ல குஸ்கா துன்னிருக்கான். கேட்டா, ‘அண்ணே, அது பிரியாணி இல்ல, ஒரு பீஸ் கிடையாது, சும்னே வெறும் சோறு’ன்றான். பீஸ் இல்லடா, ருசி எங்கேர்ந்து வந்துச்சு? ஆகாசத்துலேர்ந்தா? அன்னியோட தண்டு போச்சு. இன்னி வரைக்கும் பின்னாடி மெழுகுவர்த்தி புடிச்சிட்டு வர்றான்.”

மதலைமுத்துவுக்கு டீ புரையேறியது. ஆம்ப்ரோஸ் அவர் முதுகைத் தட்டிவிட்டு, முகத்தில் ஒரு சலனமும் இல்லாமல் அவரையே பார்த்துக்கொண்டிருந்தார். சிந்தியா அதைக் கவனிக்கும் நிலையில் இல்லை.

அவள் சமையலறைக்குப் போய் ஃப்ரீஸரைத் திறந்தாள். பட்டாணிப் பொட்டலத்துக்குப் பின்னால் ஸ்டீல் டப்பா. உள்ளே ஆறு கட்டிகள் மிச்சம். பீஸ் இல்லை, ருசி மட்டும் இருக்கிறது. தவக்காலம் முழுக்க, தன் கையாலேயே, கரண்டி கரண்டியாக மாமனாருடைய தண்டைப் பிடுங்கி எறிந்திருக்கிறாள். வாய் திறந்தால் அவருக்குத் தூம்பா போகும். திறக்காவிட்டால் அந்த நல்ல மனிதர் ஆண்டவர் முன்னால் நின்று, தெரியாமலே, பொய் வாக்குக் கொடுப்பார். அன்று ராத்திரி கிழங்கை வெறும் வெந்நீர் விட்டு மசித்துக் கொடுத்தாள். மதலைமுத்து ஒரு வாய் சாப்பிட்டுவிட்டு அவள் முகத்தைப் பார்த்தார்.

சனிக்கிழமை காலையில் இருவரும் டாக்டரிடம் போனார்கள். எடை நாலரைக் கிலோ குறைந்திருந்தது. கொழுப்பு அறுபத்தாறு. டாக்டர் ருக்மிணி காகிதத்தை இரண்டு தரம் பார்த்துவிட்டு, “தூக்குங்க. ஆனா நடுநடுவுல நின்னு, தோள் மாத்தி” என்றார். மதலைமுத்து எழுந்து நின்று டாக்டருக்குக் கும்பிடு போட்டார், நர்ஸுக்கும் போட்டார், வாசலில் எடை பார்க்கும் மிஷினுக்கும் ஒன்று போட்டார். அவர் சந்தோஷம் பெருகப் பெருகச் சிந்தியா டெஸ்ட் காகிதத்தை இன்னும் இன்னும் சின்னதாக மடித்தாள்.

“வாம்மா, சிவாஜிநகர் போய் தோளுக்கு ஒரு புதுத் துண்டு வாங்கலாம்.”

துணிக்கடைக்குப் போகும் வழியில் கறிக்கடைகள். கொக்கிகளில் தொங்கிய நெஞ்செலும்பு வரிசையைத் தாண்டும்போது சிந்தியா தரையைப் பார்த்து நடந்தாள். துண்டு வாங்கியாயிற்று. பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்து டீக்கடையில் பன்னும் டீயும் சொன்னார் மதலைமுத்து. இனிமேல் தாங்காது என்று அவள் பேசிவிட்டாள்.

“மாமா, அந்த சூப் தண்ணி காய்கறித் தண்ணி இல்ல. ஆட்டெலும்பு. எங்கம்மா காய்ச்சினது. சத்தியமா எனக்கு அது கறின்னு தோணவே இல்ல மாமா. நேத்து அங்கிள் குஸ்கா கதை சொன்னப்பதான்…” கண்ணீர் டீயில் விழுந்தது.

மதலைமுத்து பன்னைப் பிய்த்து டீயில் நனைத்தார். வாயில் போட்டு மென்று விழுங்கினார்.

“நெஞ்செலும்பு” என்றார். “கூட ரெண்டு நல்லி. சரியா?”

அவள் தம்ளரைக் கீழே வைத்தாள்.

“முதல் வாய்லயே தெரிஞ்சுபோச்சும்மா. அறுபது வருஷம் கறி துன்ன நாக்கு. ஸ்டென்ட் நெஞ்சுலதான் வெச்சாங்க, நாக்குல வெக்கல.”

“தெரிஞ்சே சாப்பிட்டீங்களா?” இப்போது அவளுக்குக் கோபம் வந்தது. “ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே!”

“சொல்லத்தான் நிமிந்தேன்.” அவர் குரல் தழைந்தது. “நீ கரண்டியப் புடிச்சிட்டு நின்னுட்டிருந்த. இந்த வீட்டுக்கு வந்து பத்து மாசத்துல, நீ வெச்ச ஒரு குழம்பையாவது நாங்க வெச்சபடி துன்னோமா? உங்க அத்தை உப்பு போடுவா, நான் பாத்துட்டு சும்மா இருப்பேன். அன்னிக்கு உன் மூஞ்சியப் பாத்துட்டு, இது கறின்னு எந்த வாயால சொல்றது? சரி, ஒரு நாள்தானேன்னு துன்னுட்டேன். மறுநாள் நானே தட்டை எடுத்துட்டு வந்து உக்காந்தேனே, அதுதான் பாவம்.” இங்கே அவருக்கே சிரிப்பு வந்துவிட்டது. “ஃபாதர்கிட்ட போய்ச் சொன்னேன். நோயாளிக்கு சுத்தபோசனமே கட்டாயம் இல்ல, போய் சாப்பிடுன்னாரு.”

“அப்போ நாளைக்கு வாக்கு? புஸ்தகத்துல சாறும் கூடாதுன்னு இருக்கே மாமா?”

“நாளைக்கு உள்ளத நாளைக்குப் பாத்துக்கலாம். டீ ஆறுது, குடி.”

குருத்து ஞாயிறு பூசை முடிந்தது. கோயிலுக்குப் பக்கத்துக் கொட்டகையில் தூம்பாவை வெளியே எடுத்து வைத்திருந்தார்கள். குருத்தோலையும் கையுமாகக் கூட்டம் சுற்றி நின்றது. ஃபாதர் ஒரு பக்கம், புத்தகத்தோடு ஆம்ப்ரோஸ் ஒரு பக்கம். முன் வரிசையில் கஞ்சி போட்ட சேலையில் பிரிஜெட் நிமிர்ந்து நின்றார், பக்கத்தில் சிந்தியா. ஏழு பேர் தண்டில் கைவைத்து, கறியும் தொடவில்லை, சாறும் தொடவில்லை என்று சொல்லிவிட்டு விலகினார்கள். மதலைமுத்து வந்தார். சிந்தியாவின் கையிலிருந்த குருத்தோலை நார் நாராகியிருந்தது.

“கறி தொடல” என்றார் மதலைமுத்து, கொட்டகை முழுக்கக் கேட்கும்படி. “சாறு குடிச்சேன். தினமும் குடிச்சேன். என் மருமக உருளைக்கிழங்குல ஊத்தி மருந்தாக் குடுத்தா. அது சாறுன்னு அவளுக்குத் தெரியாது, எனக்குத் தெரியும். அதுக்குப் பதிலா, தவக்காலம் பூரா சீட்டைக் கையால தொடல.”

கூட்டம் கசமுசவென்றது. பின்னாலிருந்து ஒரு குரல் கிளம்பியது. “அண்ணே, அப்போ என் குஸ்கா மட்டும் என்ன பாவம் பண்ணுச்சு?”

“நீ சொன்னியா? நான்தானே கண்டுபுடிச்சேன்!” என்று ஆம்ப்ரோஸ் மைதானத்துக் குரலில் அதட்டினார். “இவன் முதல் வாரமே வந்து சொன்னான். புஸ்தகத்துல கடைசிப் பக்கம் பாருங்க. நோயாளி மருந்தா சாப்பிட்டா தலைவன்கிட்ட சொல்லிட்டு, பதிலுக்குத் தனக்குப் பிரியமான ஒண்ண விடணும். எதை விடறேன்னு கேட்டேன், ரம்மின்னான். விட்டது இவன், ஆனா ஆட்டம் போனது எனக்கும் சேத்து. ஒரு மாசத்துக்கு மேல சாயங்காலமெல்லாம் சுவத்தைப் பாத்துட்டு உக்காந்திருக்கேன், யாருக்காவது தெரியுமா?”

எல்லோரும் சிரித்தார்கள். ஆம்ப்ரோஸ் முன் இடது தண்டைக் காட்டி, “வெச்சிக்கடா” என்றார். சிந்தியா அழுதுகொண்டே சிரித்தாள். அப்போதுதான் பக்கத்தில் பிரிஜெட் பேசியது கேட்டது.

“அப்போ அந்த வாசனை…”

மெதுவாகத்தான் ஆரம்பித்தார். “தினமும் வீட்டுக்குள்ள கால வெச்சா கறி வாசனை. சாத்தான் என் மூக்குமேல வந்து உக்காந்துட்டான்னு நெனச்சேன். ஃபாதர்! அஞ்சு தடவ உங்ககிட்ட வந்து அழுதேனே!”

ஃபாதர் தன் கையிலிருந்த குருத்தோலையை அதுவரை பார்க்காத பொருளைப்போல ஆராய்ந்துகொண்டிருந்தார். பாவசங்கீர்த்தனத்தில் புருஷன் சொன்னதை மனைவியிடம் சொல்ல வழியில்லை, மனைவி சொன்னதைப் புருஷனிடம் சொல்லவும் வழியில்லை. அதனால்தான் அந்தப் பாவத்துக்கு வாராவாரம் பரிகாரமாக ஒரே ஒரு அருள்நிறை மந்திரம் மட்டும் கொடுத்து அனுப்பியிருக்கிறார். அதைத் தவிர அவரும் என்ன செய்வார், பாவம்.

வீட்டுக்கு வந்த பிரிஜெட் யாரோடும் பேசவில்லை. பரிசுத்த வாரம் முழுக்க அதே கதை. சிந்தியா ஸ்டீல் டப்பாவை எதிர்வீட்டு சரசுவிடம் கொடுத்துவிட்டு, காரட்டும் பீன்ஸும் வேகவைத்த தண்ணீரில் மேஷ் செய்தாள். மதலைமுத்து அதை விழுங்கிவிட்டு, “தூம்பா தூக்கறதவிட இது கஷ்டம்மா” என்று காதோடு சொன்னார். பிரிஜெட் சமையலறைக்குள் வரவில்லை, மூடியைத் திறக்கவில்லை, உப்பும் போடவில்லை. அந்தச் சிட்டிகை உப்புக்கு ஏங்கும் காலமும் வரும் என்று சிந்தியா நினைத்திருக்கவில்லை.

பெரிய வெள்ளி சாயங்காலம் பவனி அவர்கள் தெருவுக்குள் திரும்பியது. மாமியாரும் மருமகளும் வீட்டு வாசலில் மெழுகுவர்த்தியோடு நின்றார்கள். கொட்டுச் சத்தம் இல்லை, பாடலும் பாதங்களின் சரசரப்பும்தான். கூட்டத்துக்கு மேலே தூம்பா அசைந்து வந்தது. முன் இடது தண்டுக்குக் கீழே, புதுத் துண்டு போட்ட தோள். வேட்டி நழுவாமலிருக்க இடுப்பில் பெல்ட். முகமெல்லாம் வேர்வை, ஆனால் நடை தளரவில்லை. பின்னால் குஸ்காக்காரர் மெழுகுவர்த்தியோடு வந்துகொண்டிருந்தார்.

வாசலுக்கு நேரே தோள் மாற்ற நின்றார்கள். மதலைமுத்து அவர்கள் பக்கம் திரும்பிப் பார்க்கவில்லை. பார்க்கக் கூடாது, அதுவும் விதி. தண்டை மறு தோளுக்கு ஏற்றிக்கொண்டு, நேரே பார்த்தபடி, நெஞ்சில் ஸ்டென்ட் இருக்கும் இடத்தில் ஒரு தட்டுத் தட்டிவிட்டு நடந்தார்.

டிசம்பரில் ஸ்டென்ட் வைத்தபோது ஆஸ்பத்திரி வராந்தாவில் அழாத பிரிஜெட், இப்போது தெருவே பார்க்க அழுதார். இடது கையால் சிந்தியாவின் கையைத் தேடிப் பிடித்தார். பிடித்த பிடியில் வளையல் அழுந்தியது.

“ஈஸ்டருக்கு உங்கம்மாவ வரச்சொல்லு” என்றார், தூம்பாவிலிருந்து கண்ணை எடுக்காமல்.

“சரி அத்தை.”

“எலும்போட வரச்சொல்லு. நீயே மசி, நான் பக்கத்துல வரமாட்டேன்.” மூக்கை உறிஞ்சிக்கொண்டார். “சர்க்கரையாவது ஒண்ணாவது, எனக்கும் ரெண்டு கரண்டி வை. தவக்காலம் பூரா வெறும் வாசனையப் புடிச்சிட்டுக் கிடந்திருக்கேன்.”